பழகிய கால்

மலர்கொடியின் வீட்டில் தலைமுடி காயவைக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. ஆனால் அவள் தலையை வெயிலில்தான் காயவைப்பாள். மெஷின் ஷூவுக்கு. உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருவில் முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டபோது, "மலருக்கு வந்த வாழ்வப் பாரு, கரண்டு காத்துல தல காய வெக்கிறா" என்று தையல்நாயகி தெருக்குழாயில் சொல்லிச் சிரித்தாள். பிறகு எட்டிப் பார்த்தவள், ஒரு வெள்ளை ஷூவின் ஓரத்தில் சூடு காட்டிக்கொண்டு மலர்கொடி குத்தூசியோடு உட்கார்ந்திருந்ததைக் கண்டு வாயடைத்துப் போனாள். நல்ல ஷூ. அட்டைப்பெட்டி வாசனை கூடப் போகாத ஷூ. அதைப் பிரித்துப் போட ஒருத்தி, பிரிக்கச் சொல்லிக் கொடுத்தனுப்ப ஒருத்தன் என்று உலகத்தில் இப்படியும் வேலை இருக்கிறது.

கொடுத்தனுப்புகிறவன் ஷஃபி. துபாயில் ஷூ ஷோரூமில் வேலை பார்த்துத் திரும்பி, மரக்காணம் பஜாரில் செருப்புக்கடை வைத்திருக்கிறான். கடையில் ஓடுவது ரப்பர் செருப்புதான். ஷூ வியாபாரமெல்லாம் அவன் போனுக்குள் நடக்கிறது. பாண்டிச்சேரியிலும் இடையஞ்சாவடியிலும் சென்னையிலும் சில பிள்ளைகளுக்குத் தங்கள் ஷூ ஊரில் இன்னொருத்தன் காலில் இருக்கக் கூடாதாம். அடி அப்படியே இருக்க, மேல்பாகத்தை மட்டும் கழற்றிவிட்டு அம்மாவின் பட்டுப்புடவையில் ஒன்று, கிழிந்த ஜீன்ஸில் ஒன்று என்று கேட்பார்கள். இரும்பையிலிருந்து ஒருத்தன் கோரைப்பாயில் கேட்டான். அதையும் மலர்கொடி தைத்துக் கொடுத்தாள்.

அவள் செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற செக்‌ஷனில் பல வருடம் இருந்தவள். கம்பெனி வேன் எங்கள் ரோட்டுக்கு வருவதை நிறுத்தியபோது அவள் வேலையும் நின்றது, கை மட்டும் நிற்கவில்லை. சூடு காட்டினால் பசை இளகும். இளகுகிற பதம் பார்த்துக் கத்தியை நுழைத்து, தையலை ஒவ்வொன்றாக அறுத்து மேல்பாகத்தைத் தனியே எடுப்பாள். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து அட்டையில் வைத்து வரைந்துகொள்வாள். புதுத் துணியை அந்த அளவுக்கு வெட்டித் தைத்து, கால் வடிவ மரக்கட்டையில் மாட்டி இழுத்து, சொல்யூஷன் தடவி, பழைய அடிமேலேயே உட்கார வைப்பாள். உள்பக்கம் கையை விட்டுப் பார்த்தால் ஒரு தையல்கூட நெருடாது. அதுதான் அவள் கைக்குப் பெயர்.

"ஊருக்கெல்லாம் பட்டுல ஷூ தெக்கிற, கட்டின புருஷன் வெறுங்கால்ல போறான்" என்பான் குப்புசாமி, வாசலில் நின்று பீடியை அணைத்தபடி.

"நீ பாத்திக்குள்ள ஷூ போட்டுனு எறங்கு. சரிகையே வெச்சு தெச்சுத் தரேன்."

அவன் சிரிப்பான். பாத்திக்குள் செருப்புக்கால் வைக்கக் கூடாது என்பது உப்பளத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அது சாமி காரியம் இல்லை, வேலைக் காரியம். பாத்தியின் களிமண் தரையை சீசன் தொடக்கத்தில் ஆணும் பெண்ணுமாக வெறுங்காலால் மிதித்து மிதித்து வழுவழுவென்று ஆக்குகிறார்கள். ஒரு செருப்பின் அடிக்கோடு பதிந்தால் போதும், அந்தக் கோட்டில் சேறு கிளம்பி உப்பு கறுத்துப் போகும். அதனால் வரப்பிலேயே செருப்புகளை வரிசையாகக் கழற்றிவிட்டு, வாய்க்காலில் காலை அலம்பிக்கொண்டுதான் இறங்குவார்கள்.

இறங்கினால் எரியும். தொடக்கத்தில் எல்லோருக்கும் எரியும். வெடிப்பில் உப்புத்தண்ணீர் பட்டு உச்சந்தலை வரை ஏறும். அந்த நாட்களில் உப்பளத்தில் யாரும் யாரையும் "சாப்பிட்டியா" என்று கேட்பதில்லை, "எரியுதா" என்றுதான் கேட்பார்கள். பிறகு ஒருநாள் எரிச்சல் நின்றுவிடும். கால் பழகிடுச்சு என்பார்கள். பழகிய காலுக்கு எங்கள் ஊரில் தனி மரியாதை உண்டு.

குப்புசாமிக்குச் சில வருடங்களாக முதல்நாளே எரிவதில்லை. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. "எங்கப்பனுக்கே ஒரு வாரம் எரியும். எனக்குத் தண்ணியில கால வெச்சா பன்னீர்ல வெச்ச மாதிரி இருக்குது" என்று டீக்கடையில் காலைத் தூக்கிக் காட்டுவான். நாங்களும் பார்த்து வியந்தோம். சர்க்கரை வியாதி அவன் காலின் உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வேறு எந்த ஊரில் என்றாலும் "கால் மரத்துப் போச்சு, ஓடு ஆஸ்பத்திரிக்கு" என்று விரட்டியிருப்பார்கள். நாங்கள் அவன் காலைப் புது ஆட்களுக்குக் காட்டி, "பாரு, இது கால்" என்றோம். எங்கள் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

போன மழைக்காலத்தில் வலது காலில் கிளிஞ்சல் கிழித்ததை அவன் கவனிக்கவே இல்லை. மலர்கொடிதான் வீட்டுத் தரையில் ரத்தத் தடம் பார்த்துக் கத்தினாள். சீழ் பிடித்து, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்ன வயது டாக்டரம்மா மலர்கொடியைத் தனியே உட்காரவைத்துச் சொன்னாள்.

"உப்புத்தண்ணியில காலே வைக்கக் கூடாதும்மா. தினமும் சாயங்காலம் ஒரு கண்ணாடிய கீழ வெச்சு அடிப்பாதத்தப் பாருங்க. அவரு வலிக்கலன்னு சொல்லுவாரு. அவருக்கு வலிக்காது. வலிக்கலன்னு சொல்றத நம்பாதீங்க."

அன்றிலிருந்து மலர்கொடி தினமும் முகம் பார்க்கிற கண்ணாடியை அவன் பாதத்துக்குக் கீழே பிடித்தாள். "இன்னாமே, என் காலு பொட்டு வெச்சுக்கப் போவுதா?" என்று அவன் கேலி செய்வான். விரல் எடுத்த இடம் மெல்ல மூடி வந்தது. முழுதாக மூடவில்லை.

பொங்கல் முடிந்ததும் மேஸ்திரி தணிகாசலம் வந்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு மேலே ஒருத்தர் இருக்கிறார்.

"குப்பு, இன்னாப்பா, நடக்கறியா?"

"ஓடவே ஓடுவேன் மேஸ்திரி."

"ஓட வேணாம். பாத்தியில நிக்க முடியுமா? அத்த சொல்லு."

மலர்கொடி தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தாள். "டாக்டரு உப்புத்தண்ணியே படக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க மேஸ்திரி."

"அவங்க சொல்லுவாங்கம்மா. முதலாளி என்னக் கேக்கறாரு. வெளியூரு ஆளுங்க வந்து கொட்டாயில படுத்துனு இருக்குது. உங்க பாத்திய நான் இன்னும் எம்மா நாளு காலியா வெக்கறது, சொல்லு. ஊட்டுக்கு ஒரு ஆளு வந்தாத்தான் பாத்தி. ஒருவாட்டி கைமாறிப் போச்சின்னா திரும்பி வராது. உனக்குத் தெரியாததா?"

"மோட்டாரு பாத்துக்கற வேல இருந்தா குடுங்களேன். குந்தினே பாக்கலாம்."

"அதுக்கு முதலாளியோட மச்சான் இருக்கான்."

"நான் வரேன் மேஸ்திரி" என்றான் குப்புசாமி.

"நீ வாய மூடுயா."

"நீ மூடு. அந்தப் பாத்தி எங்கப்பன் மிதிச்சது. நான் உயிரோட இருக்கசொல்ல எவனோ வந்து வாரினு போறத ரோட்டுல நின்னு பாக்கணுமா? ஊட்ல குந்தினு நீ ஊசி குத்தறத எண்ணினு இருக்கறதுக்கு அந்தக் காலு இருந்தா இன்னா, போனா இன்னா?"

மேஸ்திரி எழுந்துகொண்டார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நிற்பது அவருக்குப் பிடிக்காது. வாசலில் நின்று, "மிதிக்கற வேல முடிஞ்சி தண்ணி கட்டற வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலர்கொடி தானே பாத்தியில் இறங்குகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். குப்புசாமி சட்டியைத் தூக்கி எறிந்தான். கருவாட்டுக் குழம்பு சுவரில் வழிந்தது. அவனுக்கு அப்படிக் கோபம் வந்து அவள் பார்த்ததில்லை. சுவரைத் துடைத்துக்கொண்டே அவள் அவன் வலது பாதத்தைப் பார்த்தாள். தொழில்காரி பார்க்கிற பார்வையில் பார்த்தாள். மேல்பாகம் எவ்வளவு உயரம், குதிகால் எவ்வளவு அகலம், விரல் மடங்குகிற இடம் எது.

"யோவ்" என்றாள். "தடம் விழாத ஷூ இருந்தா மேஸ்திரி உடுவாரா?"

மறுநாள் ஷஃபியின் கடைக்குப் போனாள். ஷஃபி கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"உப்பளத்துக்கு ஷூவா? யா அல்லாஹ்! கம்பூட்டு வாங்கிக் குடுத்துடலாமேக்கா. ரப்பர் பூட்டு."

"அதோட அடி உழுதுடும் தம்பி. கனமும் ஜாஸ்தி. அவரு கால்ல காயம், உள்ள சொரசொரன்னு இருந்தா அறுத்துடும். எனக்கு ஒரு பழைய ஜோடி குடு. அடி தட்டையா இருக்கணும். மேல நான் பாத்துக்கறேன்."

தட்டை அடி வைத்த ஒரு ஜோடியை அவன் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மேல்பாகம் பூசணம் பிடித்துக் கிடந்தது. காசு வாங்க மறுத்துவிட்டான்.

அதன் பிறகு எங்கள் தெருவில் நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தண்ணீர் இறங்காத துணி வேண்டுமே, மலர்கொடி முதலில் பிளெக்ஸ் பேனரில் தைத்தாள். யார் வீட்டுக் காதணி விழாவோ, வலது ஷூவின் மூக்கில் தாய்மாமன் ஒருவர் கும்பிட்டபடி சிரித்தார். "இவர மெதிச்சுனு நான் எப்பிடிமே வேல செய்யறது? பாவம், சீர் செஞ்ச மனுஷன்" என்றான் குப்புசாமி. விரல் மடங்குகிற இடத்தில் தாய்மாமன் சீக்கிரமே வெடித்துப் போனார். அடுத்தது தார்ப்பாய். ஊசி போன ஓட்டையெல்லாம் இழுக்க இழுக்கக் கிழிந்து பெரிதானது. கடைசியில் பாண்டி ரோட்டுப் பஞ்சர் கடையில் லாரி டியூப் ஒன்றை வாங்கிவந்தாள். கறுப்பு ரப்பர், கன்றுக்குட்டிக் காது மாதிரி மெத்தென்று இருந்தது. அதைத் தொட்டதுமே அவள் முகம் மாறியது.

ஷஃபியின் ஆர்டர்களை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த ஒரு ஜோடியில் உட்கார்ந்தாள். ரப்பரின் ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்கினாள். நாக்கும் இரு பக்கமும் ஒரே துண்டாக வருமாறு வெட்டினாள். தையல் போகிற இடமெல்லாம் வெளியே சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற பசை தடவி, மேலே இன்னொரு ரப்பர் பட்டை ஒட்டினாள். உள்ளே பழைய பனியன் துணி. அடியின் வரிகளைத் துவைக்கிற கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கினாள். வலது ஷூவில் சுண்டுவிரல் இடம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் கால் உள்ளே ஆடி, விரல் எடுத்த இடம் இடிபடும். அதனால் ஒரு ஷூ நாக்கிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து, விரல் அளவுக்கு வெட்டி, அந்த இடத்தில் வைத்துத் தைத்தாள். விரல் போன இடத்துக்கு ஒரு விரலையே செய்து வைத்தாற்போல் அவளுக்கு ஒரு நிம்மதி.

ஷஃபி வந்து பார்த்துவிட்டு போட்டோ எடுத்தான். "சுபஹானல்லாஹ்! அக்கா, இத மட்டும் போட்டேன்னு வெச்சுக்க, ஆர்டரு பிச்சினு போவும்." பிறகு ஷூவை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்து, "காத்தே போகாதே உள்ள? நம்ம ஷூவுக்கெல்லாம் பக்கத்துல ஓட்ட வெச்சுத்தான தெக்கறோம்?" என்றான்.

"காத்து போற ஓட்டையில தண்ணி போவாதா?"

பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, ஷூவுக்குள் தன் கையை விட்டு, அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மலர்கொடி. எடுத்தபோது கை காய்ந்திருந்தது.

தண்ணீர் கட்டுகிற அன்று காலையில் உப்பளமே வேடிக்கை பார்த்தது. வரப்பில் நின்ற பெண்கள், "கலெக்டரு வராரு, வழி உடுங்கடி" என்று கூவினார்கள். குப்புசாமி லுங்கியை மடித்துக் கட்டி, கறுப்பு ஷூவோடு, வாய்க்காலில் ஷூவையே அலம்பிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினான். கொஞ்ச தூரம் நடந்தான். உப்பு ஒதுக்குகிற வாருபலகையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். மேஸ்திரி தணிகாசலம் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, அவன் நடந்த தரையைத் தடவினார்.

"தடம் இல்ல" என்றார் மேஸ்திரி. "வெறுங்காலு மாதிரிதான் இருக்குது. நடத்துப்பா."

மலர்கொடி வரப்பிலிருந்து கத்தினாள். "எரியுதாயா?"

"இல்லமே! பன்னீரு!"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தையல்நாயகி அவள் தோளில் இடித்தாள். "எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடுடி. நான் இன்னா தக்காளித் தொக்கா?"

தொடக்கத்தில் சாயங்காலம்தோறும் கண்ணாடி வந்தது. ஷூ உள்ளே காய்ந்திருந்தது, பாதமும் காய்ந்திருந்தது. மாசி போய்ப் பங்குனி வந்தது. உப்பு விளைந்தது. வெயிலில் பாத்தியைப் பார்த்தால் கண் கூசி நீர் வழியும், ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியாது. அம்பாரம் அம்பாரமாக வாரிக் குவித்தார்கள். குப்புசாமிக்குப் பழைய நடை வந்துவிட்டது. மோட்டார் கொட்டகையிலேயே கால் கழுவி, புண்ணைக் குனிந்து பாராமலே துணி மாற்றிக் கட்டிக்கொண்டு, ஷூவை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டு வந்தான்.

"கட்டப் பிரி, பாக்கறேன்" என்பாள்.

"இப்பத்தாமே கட்டுனேன். தெனம் பிரிச்சினே இருந்தா எப்ப ஆறும்? ஷூவு சொட்டுத் தண்ணி உடல. நீ தெச்சதாச்சே அது, உனக்கே நம்பிக்க இல்லியா?"

அந்த வார்த்தையில் அவள் மடங்கிப் போனாள். அவள் கை வேலையை அவன் ஒருநாளும் அப்படிப் புகழ்ந்தவன் இல்லை. அப்போது ஷஃபி ஒரு கல்யாண ஆர்டரோடு வந்திருந்தான். மாப்பிள்ளைக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் ஷெர்வானித் துணியிலேயே ஷூ. மினுமினுப்பான துணி, ஊசி தவறினால் இழை ஓடிவிடும். தலை நிமிர நேரமில்லை. குப்புசாமி வீட்டுக்குள் நுழையும்போது தைத்துக்கொண்டே கேட்பாள்.

"எரியுதாயா?"

"இல்ல."

"மருந்து போட்டியா?"

"போட்டேன்."

கண்ணாடி ஆணியிலேயே தொங்கியது. டாக்டரம்மா சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து கேட்ட கேள்வி அது, பிறந்ததிலிருந்து கேட்ட பதில் அது. எரியவில்லை என்றால் எங்கள் ஊரில் நல்லது என்றுதான் பொருள்.

ஒருநாள் மத்தியானம் மேஸ்திரி தன் வண்டியில் குப்புசாமியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். அவன் உடம்பு அனலாகக் கொதித்தது. காலில் ஷூ இருந்தது.

"குளுருதுன்னான். சரி, ஷூவக் கழட்டிட்டு நெழல்ல குந்துடான்னேன். கழட்ட வரலம்மா. இழுத்துப் பாத்துட்டோம்."

மலர்கொடி அவன் காலை மடியில் தூக்கி வைத்தாள். ரப்பர் உப்பிப் புடைத்திருந்தது. நாற்றம் அப்போதே வந்தது. மேஸ்திரி மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார். அவள் மெஷினைத் தேடவில்லை, கத்தியை எடுத்தாள். ஊரார் ஷூவைப் பிரிக்கிற அதே கத்தி. தன் தையலைத் தானே ஒவ்வொன்றாக அறுத்தாள். கெட்டியாகத்தான் தைத்திருந்தாள், சனியன், லேசில் அறுபடவே இல்லை.

விரல் மடங்குகிற இடத்தில், ஒட்டின பட்டைக்குக் கீழே, மயிரிழை அளவுக்கு ரப்பர் வாய் திறந்திருந்தது. குனிந்து வாரும்போது மட்டும் திறந்து, நிமிர்ந்தால் மூடிக்கொள்கிற வாய். அது வழியாக உள்ளே போன உப்புத்தண்ணீருக்கு வெளியே வர வழியே இல்லை. அவள் அவ்வளவு நன்றாக அடைத்திருந்தாள். பனியன் துணி வெள்ளையாகக் கெட்டிப்பட்டுத் தோலோடு வந்தது. சுண்டுவிரல் இடத்தில் வைத்த ஸ்பாஞ்ச் கல்லாகியிருந்தது. அதை எடுத்துத் தரையில் வைத்தபோது டொக்கென்று சத்தம் கேட்டது. பாத்தியில் விளைவது போலவே சதுரம் சதுரமாக உப்பு அதில் விளைந்து, அவன் எடுக்கிற ஒவ்வொரு எட்டிலும் ஆறாத புண்ணை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. புண் இருந்த இடத்தில் எலும்பு தெரிந்தது. முன்பாதம் கறுத்திருந்தது.

குப்புசாமி சுவரில் சாய்ந்தபடி அவள் முகத்தையே பார்த்தான்.

"இன்னாமே, தண்ணி பூந்துக்குச்சா?"

அவள் ரப்பரை மடக்கி அந்த வாயைத் திறந்து காட்டினாள்.

"எரியவே இல்லியே மலரு. எரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டனா?"

மலர்கொடி வாயைத் திறந்தாள். அழுகை வரவில்லை. தெருவில் நின்ற எங்களுக்கு ஒரு சத்தம் கேட்டது. அது மனுஷி போடுகிற சத்தமாக இல்லை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் கையெழுத்து வாங்க அதே டாக்டரம்மா வந்தாள். திட்டுவாள் என்று மலர்கொடி காத்திருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மலர்கொடியின் தலையில் கை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஷஃபி பிரெட்டும் பாலும் வாங்கிக்கொண்டு வந்தான். வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"கல்யாண ஆர்டர நெனச்சுக் கவலப்படாதக்கா. சென்னையில ஒருத்தர்கிட்ட குடுத்துட்டேன். நீ எப்ப முடியுமோ அப்ப தெய்யி."

"முடியாது தம்பி. ஊட்டுக்குப் போனப்ப குத்தூசிய எடுத்துப் பாத்தேன். கை அப்படியே நின்னுடுது. ஓட்ட போடப் போனா அவரு காலுதான் தெரியுது."

"நீ இன்னாக்கா பண்ணுவ, நல்லதுக்குத்தான செஞ்ச?"

"மோசமா தெச்சிருந்தா ஒழுகியிருக்கும். ஒழுகியிருந்தா அன்னிக்கே பாத்திருப்பேன்."

ஷஃபி பிரெட்டைப் பிரித்து அவள் கையில் வைத்தான்.

மயக்கம் தெளிந்து பேச்சு வந்ததும் குப்புசாமி முதலில் கேட்டது பாத்தியை. இரண்டாவதாகக் கேட்டது ஷூவை.

"அந்த எடது காலு ஷூவு இருக்குதுல்ல? தூக்கிப் போட்டுடாத."

"இன்னாத்துக்குயா?"

"மிச்சம் இருக்கற காலுக்கு வேணும்ல? ஒத்தக் கால ஊனி, கட்ட வெச்சுனு நின்னா வாரிடுவேன். நீ வேணாப் பாரு." பிறகு அவளைச் சமாதானம் செய்கிறவனாக, "நல்லாத்தான் இருந்துச்சு மலரு அது. போட்டா போட்ட மாதிரியே தெரியாது" என்றான்.

அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கண்ணாடியை எடுத்து அவன் இடது பாதத்துக்குக் கீழே பிடித்தாள். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மேஸ்திரி வாசலில் நின்றார். உள்ளே வரத் தயங்கினார். "முதலாளிகிட்ட இந்த வாரம் வரைக்கும் பேசி வெச்சிருக்கேன்" என்றார். குப்புசாமி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எறிவதற்கு அவன் பக்கத்தில் சட்டி இருந்தது. அவன் எறியவில்லை. அதைப் பார்த்ததும்தான் மலர்கொடிக்கு வீடு எவ்வளவு ஒடிந்துபோயிருக்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் காலையில் அவள் உப்பளத்துக்குப் போனாள். வரப்பில் வரிசையாகக் கிடந்த செருப்புகளின் கடைசியில் தன் செருப்பை விட்டாள். வாய்க்காலில் காலை அலம்பினாள். வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, பார்க்காதது போலக் குனிந்துகொண்டார்கள். மாமனார் மிதித்த, புருஷன் மிதித்த தரையில் அவள் கால் வைத்தாள்.

எரிந்தது. குதிகால் வெடிப்பில் ஏறி, தொடையில் ஏறி, அடிவயிற்றில் போய் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பலகையை இழுத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"எரியுதா?" என்றார் மேஸ்திரி, வரப்பிலிருந்து, மெதுவாக.

"எரியுது மேஸ்திரி."

"கொஞ்ச நாளு அப்படித்தாம்மா இருக்கும். பொறவு பழகிடும்."

பக்கத்துப் பாத்தியில் தையல்நாயகி வாரிக்கொண்டிருந்தாள். தோழிக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு சொன்னாள்.

"ஆமாடி மலரு. என்னப் பாரு, போன வருஷத்துலேந்தே எனக்கு எரியறதே இல்ல."

மலர்கொடி பலகையைத் தண்ணீரில் போட்டாள். பாத்தியைக் கலக்கக் கூடாது என்பதையெல்லாம் மறந்து, உப்பைச் சிதறடித்துக்கொண்டு வரப்பைத் தாண்டி ஓடினாள். மேஸ்திரி "ஏய் ஏய்" என்று கத்தினார். அவள் தையல்நாயகியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மேல ஏறு."

"இன்னாடி ஆச்சு உனக்கு?"

"ஏறுடி வரப்புல. காலக் காட்டு."